நாலு கொடுக்குது

ஆடிக் கடைசி வெள்ளியை ஒட்டி இருக்கன்குடி போகிறவர்களில் பெரும்பாலோர் நேரே மாரியம்மனைப் பார்க்கப் போவார்கள். என்னைப் போன்ற சிலர், வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சூழ்ந்த அந்தத் திடலில் நிற்கும் வண்டிகளை ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவோம். சாத்தூர், சிவகாசி, விருதுநகர் எல்லாமே லாரியை நம்பிப் பிழைக்கிற ஊர்கள். பட்டாசையும் தீப்பெட்டியையும் காலண்டரையும் செய்தால் மட்டும் போதாது, அவை டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் போய்ச் சேர வேண்டும். அதனால் லாரிக்காரர் பேச்சு எங்கே சுற்றினாலும் "வண்டி எவ்வளவு கொடுக்குது?" என்பதில் வந்து நிற்கும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறார்கள். எத்தனையோ காலமாகப் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: நாலு. கொஞ்சம் பெருமைக்காரர் என்றால் நாலரை.

எஞ்சின் தலைகீழாக மாறிவிட்டது, அந்த நாலு மட்டும் அசையவில்லை. பழைய வண்டிகளை ரசிப்பவனுக்கு இதைவிடச் சுவையான புதிர் கிடையாது.

எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய கம்பெனியின் காமெட் லாரியிலிருந்து ஆரம்பிக்கலாம். அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினில் டீசல் நேராகப் பிஸ்டன் தலைமீதே பீச்சப்படும். அதே காலத்தில் ஜாம்ஷெட்பூரில் டாடாவின் டெல்கோ, 1954-இல் டைம்லர்-பென்ஸோடு பதினைந்து வருஷ ஒப்பந்தம் போட்டு லாரி செய்தது. பென்ஸின் அந்தக்கால எஞ்சினில் சிலிண்டருக்கு மேலே சின்னதாக ஒரு முன்னறை. டீசல் முதலில் அங்கே பற்றி, பிறகு கீழே பாயும். சத்தம் சாந்தமாக இருக்கும். ஆனால் அந்த அறையின் சுவர் சூட்டைக் குடித்துவிடும், குடித்த சூடு அத்தனையும் காசு. பிற்பாடு டாடாவும் நேரடிப் பீச்சலுக்கு வந்தது. 697 என்று ஒரு எஞ்சின்: ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் அகலம். பெயரிலேயே அளவு இருக்கிறது. வண்டியின் எண்ணும் அப்படித்தான். 1210 என்றால் மொத்த எடை பன்னிரண்டு டன், சக்தி ஏறக்குறைய நூறு குதிரை. அலங்காரமில்லாத இந்தப் பெயர் வைப்பு எனக்குப் பிடிக்கும். இன்றைக்கு வருகிற பெயர்களைக் கேட்டால் லாரியா சென்ட் பாட்டிலா என்று சந்தேகம் வருகிறது.

காமெட் ஐடிலில் நின்றால் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக எண்ணலாம் போலிருக்கும். அவசரமே படாத சத்தம். டாடா கொஞ்சம் துடிப்பானது, சீக்கிரம் குரலை உயர்த்தும். இரண்டிலும் கியர் மாற்ற டபுள் கிளட்ச் போட வேண்டும். கியரை இறக்கும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்து அடுத்த பல்லைச் சேர்க்க வேண்டும். தட்டு ஒரு நூல் கூடினாலும் பெட்டி கரகரவென்று திட்டும். சாத்தூர் ரோட்டில் லோடு வண்டி அந்தத் திட்டு வாங்காமல் ஏறி வந்தால், ஓட்டுகிறவர் யார் என்று எட்டிப் பார்க்கத் தோன்றும்.

அந்த நாலு அன்றைக்கு இரண்டு பேர் கையில் இருந்தது. ஒருவர் டிரைவர், இன்னொருவர் பம்ப் மெக்கானிக். 1951-இல் தொடங்கிய பெங்களூர் மைக்கோ கம்பெனியின் டீசல் பம்பை மேசையில் ஏற்றி ஓட்டி, ஆறு கண்ணாடிக் குழாய்களிலும் டீசல் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார் மெக்கானிக். ஒன்றில் கூட, ஒன்றில் குறைய இருந்தால் எஞ்சின் நொண்டும், மைலேஜும் நொண்டும். நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்க வேண்டும். வண்டி ரோட்டுக்கு வந்ததும் மிச்சத்தைப் புகை சொல்லிவிடும். கறுப்பு என்றால் டீசல் அதிகம், நீலம் என்றால் ஆயில் எரிகிறது.

இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. வெளியேறும் புகையின் வேகத்திலேயே டர்போ சுழன்று கூடுதல் காற்றை உள்ளே தள்ளுகிறது. எல்லா நாசிலுக்கும் பொதுவான டீசல் குழாயான காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டுகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் டீசல் டேங்குக்குப் பக்கத்திலேயே, புகையைச் சுத்தம் செய்யும் யூரியாத் தண்ணீருக்கும் ஒரு டேங்க். இவ்வளவும் சேர்ந்து தந்த லாபம் எங்கே போயிற்று என்றால், லோடுக்குப் போயிற்று. பழைய பன்னிரண்டு டன் வண்டியில் ஏறியது ஏழு, ஏழரை டன் சரக்கு. 2018-இல் அச்சு எடை வரம்பைத் தளர்த்தியதில் சாதாரண இரண்டச்சு லாரியின் மொத்த எடையே 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆகிவிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வருகிற டிரெய்லர்களில் பெரியவை 55 டன் வரை போகலாம். அது லிட்டருக்கு மூன்று கொடுத்தாலும், ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ஆகும் டீசலில் பழைய 1210 பக்கத்தில்கூட வர முடியாது. இதை ஒப்புக்கொள்ளக் காமெட் பிரியர்களுக்கு மனசு வராது. எனக்கும் கொஞ்சம் கஷ்டம்தான்.

மிச்சத்தை வேகம் தின்கிறது. நாற்பதில் போன வண்டி நாலுவழிச் சாலையில் எண்பதில் போனால் காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. இதில் சிவகாசி லாரிக்குத் தனி வம்பு உண்டு. பட்டாசுப் பெட்டி எடையில் லேசு, உருவத்தில் பெரிசு. எடைபோட்டால் இன்னும் இடமிருக்கும், நிமிர்ந்து பார்த்தால் லோடு கேபினுக்கு மேலே நிற்கும். அப்படியொரு வண்டி டெல்லிவரை இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்றோடு மல்லுக்கட்டுகிறது. அங்கே எஞ்சினைவிடத் தார்ப்பாய்தான் மைலேஜைத் தீர்மானிக்கும். முன் மூலைகள் உப்பாமல், ஓரம் படபடக்காமல் கயிற்றை இழுத்து முடிபோடுகிற லோடுமேனுக்கு டீசல் கணக்கில் பங்கு உண்டு. வண்டிக்காரர்கள் அதை அவருக்குக் கொடுப்பதாகத் தெரியவில்லை.