முதலில் பலகை, பிறகு மெஷின்

தச்சுவேலையைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்பவர்கள் பணம் செலவழிக்கும் வரிசை ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதலில் டிரில் மெஷின், அடுத்து ஜிக்சா, அப்புறம் ரூட்டரும் அதற்கு ஒரு பெட்டி பிட்டும். பிறகு டேபிள் சா வாங்கலாமா என்று மாதக்கணக்கில் யோசனை. பால்கனியில் கால் வைக்க இடமில்லாமல் போனபின்தான் மரத்தைப் பற்றிய நினைப்பு வரும். வந்து சேர்வதும் பெரும்பாலும் பிளைவுட்டாக இருக்கும். இந்த வரிசை தலைகீழானது என்பது என் கட்சி. ஆனால் எதிர்க்கட்சியின் வாதங்கள் லேசானவை அல்ல. அவற்றைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

அவர்களுடைய முதல் வாதம் விலை. நல்ல மரம் யானை விலை விற்கிறது, கை பழகாதவர் அதில் கைவைத்தால் வீண் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மரவாடியில் மரம் கன அடியில் விற்கிறது. ஓரங்குல கனம், ஓரடி அகலம், பன்னிரண்டடி நீளமுள்ள பலகை ஒரு கன அடி. சாதாரண ஸ்டூல் ஒன்றுக்கு ஓரடிச் சதுரத்தில் ஓரங்குல மேல்பலகை, ஒன்றரை அங்குலச் சதுரத்தில் 16 அங்குல உயரக் கால்கள் நான்கு, ஓரங்குல கனமும் இரண்டரை அங்குல அகலமும் பத்தங்குல நீளமும் உள்ள சட்டங்கள் நான்கு வேண்டும். மொத்தம் 388 கன அங்குலம். ஒரு கன அடி என்பது 1728 கன அங்குலம். அதாவது ஸ்டூலுக்குக் கால் கன அடி கூட ஆகவில்லை. அறுப்பிலும் இழைப்பிலும் போவதைச் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு. தேக்கு கன அடிக்குச் சில ஆயிரம் என்றாலும், ஒரு நடுத்தர ரூட்டரின் விலையில் இப்படி இரண்டு மூன்று ஸ்டூலுக்குத் தேக்கே வாங்கிவிடலாம். வாசற்கதவும் நிலையும் செய்யச் சொல்பவருக்குத்தான் மர விலை கழுத்தைப் பிடிக்கும். பொழுதுபோக்காளருக்கு அந்தச் சாக்கு செல்லாது.

கால் கன அடி மரத்தை எந்த மரவாடிக்காரர் தருவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் தரமாட்டார், அல்லது தந்துவிட்டு முகம் சுளிப்பார். ஆனால் நிலையும் கதவும் செய்யும் பட்டறைகளில் ஓரடி, இரண்டடித் துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். பெரிய வேலைக்கு உதவாத அந்தத் துண்டுகள் ஸ்டூலுக்கும் பெட்டிக்கும் தாராளம்.

இரண்டாவது வாதம் நேரம். இதுதான் வலுவானது. வாரம் முழுக்க அலுவலகத்தில் இருப்பவருக்கு ஞாயிறு மத்தியானம் ஒன்றுதான் கிடைக்கிறது. இரண்டங்குலக் கட்டையை நீளவாக்கில் கையால் அறுத்து, நான்கு பக்கமும் சதுரம் கட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தோளும் மனமும் சேர்ந்து வலிக்கும்; பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். ஆகவே டேபிள் சா, பிளேனர் இரண்டும் அவசியம் என்கிறார்கள். அமெரிக்காவின் புறநகரில், கார் நிறுத்தும் கொட்டகையைப் பட்டறையாக்கிக்கொண்டவர்களில் பலருக்கு இது சரியாக இருக்கலாம். தமிழ்நாட்டில் நிலைமை வேறு. மரவாடிகள் உள்ள எந்தத் தெருவிலும் பக்கத்திலேயே அறுவை மில் இருக்கும். இழைக்கும் மெஷின் வைத்துக் கூலிக்கு வேலை செய்பவரும் இருப்பார். வேண்டிய கனத்துக்கு அறுத்து, இரு முகம் இழைத்துத் தருவது அவருக்குச் சில நிமிட வேலை. வீட்டில் கனமான மெஷினை வைப்பதால் கிடைக்கும் பயனில் பெரும்பகுதியை இங்கே கூலிக்கு வாங்கிவிடலாம். வாங்க முடியாதது பொருத்தும் வேலை மட்டும்: கழுந்து, துளை, புறாவால் இணைப்பு, கடைசி மழமழப்பு. உளியும் சிறு ரம்பமும் இழைப்புளியும் செய்யும் வேலை அது. இந்தப் பொழுதுபோக்கின் ருசியும் அதில்தான் இருக்கிறது.

அடுக்குமாடி வீட்டில் டேபிள் சா வைப்பதற்கு எதிராகச் சத்தத்தை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். தூசி அதைவிடப் பெரிய காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கறையைப் பாதிக்கும் புற்றுநோய் அது. கையால் இழைத்தால் சுருள் விழும், பெருக்கி அள்ளிவிடலாம். மெஷினில் அறுத்தாலும் சாண்டர் போட்டாலும் மாவு பறக்கும், குழந்தை தூங்கும் அறை வரை போகும்.

மெஷின் பேச்சை விடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சதுரம் கட்டிய மேஜையும் காப்பும் உள்ள டேபிள் சாவோடு எனக்கு இருப்பது கருத்து வேறுபாடு மட்டுமே. ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த மரம் அறுக்கும் வட்டத் தகட்டை மாட்டுவது வேறு வகை. சிக்கனம் என்று பலர் செய்கிறார்கள். நான்கங்குல கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றும். தகடு மரத்தில் இறுகினால் மெஷின் முழுக்கக் கையை மீறித் திரும்பும். நிறுத்துவதற்கு அதில் எந்த ஏற்பாடும் இல்லை. இரும்பை அரைக்கச் செய்த கருவி அது. இதற்கு எதிர்வாதம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி, எந்தக் கைக்கருவி என்ற கேள்வி. இதில் வெளிநாட்டுப் பட்டியல்கள்தான் நம்மவர்களை வழிநடத்துகின்றன. கிறிஸ்டோபர் ஷ்வார்ஸ் 2011இல் வெளியிட்ட ‘தி அனார்கிஸ்ட்ஸ் டூல் செஸ்ட்’ அவற்றில் பெயர்பெற்றது. ஐம்பதுக்கும் குறைவான கருவிகள், எல்லாம் நல்லவை, ஆயுள் முழுக்கப் போதும் என்பது அதன் சாரம். அந்தக் கொள்கை உறுதியானது. கருவி சேர்ப்பதையே பொழுதுபோக்காக்கிவிட்ட கூட்டத்துக்கு அது நல்ல மருந்தும்கூட. ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே இங்கே இறக்கினால் உதைக்கும். ஓக், செர்ரி, வால்நட், பைன் போன்ற குளிர்நாட்டு மரங்களுக்கென்று எழுதிய பட்டியல் அது.

நம் மரங்கள் வேறு குணம் உள்ளவை. வேம்பில் ரேகை ஒரு அடுக்கில் இப்படியும் அடுத்த அடுக்கில் அப்படியுமாக முறுக்கிக்கொண்டு வளரும். எந்தப் பக்கம் இருந்து இழைத்தாலும் ஒரு கீற்று இழைபடும், பக்கத்துக் கீற்று சிலாம்பாகப் பெயரும். லெனார்ட் பெய்லி வடிவமைத்து, 1869 முதல் ஸ்டான்லி செய்துவரும் இரும்பு இழைப்புளியில் பிளேடு 45 டிகிரி சாய்வில் உட்காரும். நேர் ரேகை மரத்துக்கு அது அருமை. வேம்பில் அது தடுமாறும். பிளேடின் தட்டைப் பக்கத்தில் 15 டிகிரிக்கு மெல்லிய சரிவு ஒன்றைத் தீட்டினால் வெட்டும் கோணம் 60 ஆகிவிடும், சிலாம்பு பெருமளவு அடங்கும். இதற்குச் செலவே கிடையாது. இன்னும் மிஞ்சினால் ஸ்கிரேப்பர் தகடு. கண்ணாடிச் சில்லால் சுரண்டி மழமழப்பாக்குவது நம் ஆசாரிகள் எப்போதோ கண்ட வழி. ஸ்கிரேப்பர் அதன் பாதுகாப்பான வடிவம். வெளிநாட்டுப் பட்டியலில் கடைசியில் வரும் இந்த மலிவான தகடு நம் பட்டியலில் முதல் ஐந்துக்குள் வர வேண்டும்.

தேக்கின் சிக்கல் வேறு. அது இணக்கமான மரம், ஆனால் அதில் சிலிக்கா உண்டு. கூர் சீக்கிரம் மழுங்கும். ஆகவே இங்கே சாணைக்கல்லுக்குக் கொடுக்கும் பணம், உளிக்குக் கொடுக்கும் பணத்தைவிட அதிகம் உழைக்கும். விலை உயர்ந்த உளி ஆறு வாங்கி, தீட்டத் தெரியாமல் வைத்திருப்பவரைவிட, கடைத்தெரு உளி இரண்டையும் இருபக்கக் கார்பரண்டம் கல்லையும் ஒரு நுண்கல்லையும் வைத்துக்கொண்டு 30 டிகிரியில் ஒழுங்காகத் தீட்டுபவர் நல்ல பொருத்து வெட்டுவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியை எல்லாப் புதியவர் மீதும் வீசிவிட முடியாது. மலிவு இழைப்புளிகள் சிலவற்றில் கூடம் நிஜமாகவே கோணல்: அடிப்பாகம் தட்டையில்லை, மேல்தகடு பிளேடோடு ஒட்டாமல் இடைவெளியில் சுருள் அடைக்கிறது. புதியவருக்குத் தவறு தன் கையிலா கருவியிலா என்றே தெரியாது. மலிவுக் கருவிக்கு எதிரான உண்மையான வாதம் இதுதான்.

அதற்குப் பரிகாரமாகப் பழைய கருவியைச் சொல்வார்கள். சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் பழைய இரும்பு இழைப்புளி கண்ணில் படும். இரும்பும் எஃகும் பெரும்பாலும் இன்றைய மலிவு ரகத்தைவிட மேல். வாய்ப்பக்கத்தில் விரிசல் இருந்தால் தொட வேண்டாம். பிளேடின் முன்பகுதியில் துரு குழி பறித்திருந்தாலும் வேண்டாம். மேல்துரு மட்டும் என்றால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் அதைச் சீராக்கத் தெரிந்தவர் ஒருவராவது பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லாத புதியவருக்கு, கடன் வாங்காமல் முடிகிற அளவில் நல்லதாக ஒரு புது இழைப்புளி வாங்குவதே சரி. ரம்பத்தில் என் தீர்ப்பு நேர் எதிர். பழைய ரம்பம் வேண்டாம். முக்கோண அரத்தால் பல் தீட்டுவது தனிக் கலை. நுனி கறுத்த, கடினமாக்கிய பல் உள்ள புது ரம்பத்தை வாங்கி, மழுங்கியதும் மாற்றிவிடுங்கள். அந்தப் பல்லை மறுபடி தீட்ட முடியாது என்பதைத் தெரிந்தே வாங்குங்கள். கடலோர ஊர்க்காரர்கள் எல்லா இரும்பிலும் தையல் மெஷின் எண்ணெயைத் துடைத்து வைக்காவிட்டால் ஒரு மழைக்காலமே போதும்.

மரத்துக்கு வருவோம். இடித்த வீட்டு மரம் பலருக்கும் ஆசை. பல பத்தாண்டுகள் காய்ந்தது, இனி வளைவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை, வைரம் பாய்ந்தது. மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கானா, நைஜீரியா, ஈக்வடார் என்று பல நாட்டுத் தேக்கு மரவாடியில் நிற்கும் காலத்தில், பழைய பர்மா உத்தரத்துக்கு நிகரான புது மரம் கிடைப்பது அரிது. குறை இரண்டு. உள்ளே புதைந்த ஆணி பிளேடின் வாயை உடைக்கும். காந்தமோ சிறிய மெட்டல் டிடெக்டரோ இல்லாமல் இழைக்கக் கூடாது. ஒட்டியிருக்கும் சுண்ணாம்பும் மணலும் கூரைத் தின்னும். முதலில் கம்பி பிரஷ் போட வேண்டும். காரைக்குடிப் பக்கத்து வீடுகளைப் பிரித்து விற்பது பற்றி எனக்குத் தனி வருத்தம் உண்டு. நிற்கக்கூடிய வீட்டைப் பிரித்த மரத்தில் ஸ்டூல் செய்வது பெருமையில்லை. விழுந்துவிட்ட வீட்டின் உத்தரம் என்றால் தடையில்லை.

பழகுவதற்குப் பைன் பெட்டி மரத்தைச் சொல்கிறவர்கள் பாதி சரி. தொழிற்பேட்டைகளை ஒட்டி அது மலிவாகக் கிடைக்கும், ரேகை நேர். முத்திரையில் ‘எச்டி’ இருந்தால் சூட்டால் பதப்படுத்தியது. ‘எம்பி’ என்றால் மீதைல் புரோமைடு புகையூட்டியது, வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். எச்டி முத்திரை பூச்சி செத்ததற்குத்தான் சாட்சி, மரம் காய்ந்ததற்கு அல்ல. இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை: மெதுமரத்தில் மழுங்கிய உளி வெட்டாது, நசுக்கும். பைனில் பழக நல்ல கூர் வேண்டும். கேரளத்து ரப்பர் மரம் பதப்படுத்தி, துண்டுகளைக் கோத்துப் பலகையாக வருகிறது. தட்டுக்கும் அலமாரிக்கும் நல்லது, பொருத்து வெட்டிப் பழக உதவாது. ஈட்டி மரத்தின் கறுப்பு அழகில் மயங்குபவர்கள், அது 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதை நினைத்து, எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

என் தேர்வு வேம்பும் பூவரசும் வாகையும்தான். 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னையில் சாய்ந்த மரங்களில் எவ்வளவோ விறகாகப் போயின. இப்படி விழும் மரத்தைப் பலகையாக அறுத்து, இரு முனையிலும் பெயின்ட் பூசி, இடையில் குச்சி வைத்து நிழலில் அடுக்கினால், ஓரங்குலப் பலகை சுமார் ஒரு வருடத்தில் காயும். வெள்ளைப் பகுதியை ஒதுக்கிவிட வேண்டும். வண்டு மாவு கொட்டுவது அங்கேதான். இதில் கேட்பது பணத்தை அல்ல, பொறுமையை. மரத்தை முதலில் வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இங்கே வந்துவிடுகிறது: இழைப்புளியைப் போன வாரம் வாங்கி இந்த வாரம் பயன்படுத்தலாம், பலகையை அப்படி முடியாது.

ஆகவே தீர்ப்பு இது. எதிர்க்கட்சி நேரத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. அதற்கு மில்லில் பதில் இருக்கிறது. மலிவுக் கருவியைப் பற்றிச் சொன்னதும் உண்மை. அது குறைவாக, நல்லதாக வாங்கச் சொல்கிறதே தவிர, நிறைய வாங்கச் சொல்லவில்லை. முதலில் செய்யப்போகும் பொருளின் அளவுத்தாள், அடுத்து அதற்கான மரம், பிறகு இரண்டு உளி, ஒரு ரம்பம், இழைப்புளி, மூலைமட்டம், ஸ்கிரேப்பர், சாணைக்கல். டிரில் மெஷின் இருந்துவிட்டுப் போகட்டும், வீட்டில் வேறு வேலைக்கும் ஆகும். ரூட்டரும் டேபிள் சாவும் மூன்று பொருளாவது முடித்த பிறகு, அப்போதும் தேவை என்று தோன்றினால்.

மரவாடிக்குப் போகும்போது ஈரம் பார்க்கும் மீட்டரை எடுத்துப்போங்கள். 15 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அந்தப் பலகையை உடனே வேலைக்கு எடுக்காதீர்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.