பாதி ஓட்டம், பாதி வரைபடம்

காட்டுக்குள் ஓட வேண்டும். எந்த வழியில் ஓடுவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. வரைபடத்தில் குறித்திருக்கும் இடங்களை வரிசை தவறாமல் தொட்டுவிட்டுக் குறைந்த நேரத்தில் வந்து சேர்பவர் வென்றவர். இதுதான் ஓரியன்டியரிங். இதன் தாயகம் சுவீடன் என்பது பொதுவான பேச்சு. ஆனால் பொதுமக்களுக்கான முதல் போட்டி பக்கத்து நாடான நார்வேயில் 1897 அக்டோபர் 31 அன்று நடந்தது. ஓடியவர்கள் எட்டுப் பேர், தொட வேண்டிய இடங்கள் மூன்று. சுவீடனுக்குரிய பெருமை வேறு. ராணுவப் பயிற்சியாக இருந்ததை ஊரார் ஓடும் விளையாட்டாக மாற்றியது அந்த நாடு. அந்த மாற்றம் எவ்வளவு முழுமையாக நடந்தது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

மாற்றியவர் மேஜர் எர்ன்ஸ்ட் கிலாண்டர். ராணுவ அதிகாரி, சாரணர் இயக்கத்தில் ஊறியவர், ஸ்டாக்ஹோம் வட்டார தடகளச் சங்கத்தின் தலைவரும் கூட. இளைஞர்கள் ஓடுதளத்தை விட்டு விலகிப்போவதைக் கண்ட அவர், காடு அவர்களைத் திரும்ப இழுக்கும் என்று கணக்குப் போட்டார். கணக்குத் தப்பவில்லை. 1919 மார்ச்சில் ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே சால்ட்ஷோபாடனை ஒட்டிய காடுகளில் நடந்த போட்டிக்கு இருநூறு பேருக்கு மேல் திரண்டார்கள். அதோடு அவர் நிற்கவில்லை. விதிகளை எழுதினார், வயதுக்கேற்ற பிரிவுகளை வகுத்தார், தொட வேண்டிய இடங்களை எங்கே வைத்தால் ஓடுபவரின் மூளைக்கும் வேலை இருக்கும் என்று யோசித்தார். இந்தக் கடைசிக் காரியத்துக்காகவே அவரை இந்த விளையாட்டின் தந்தை என்று அழைப்பது தகும்.

மைதானம் வேண்டாம், பார்வையாளர் மேடை வேண்டாம். வேகத்தில் பிந்தியவன் நல்ல வழியைத் தேர்ந்து முந்தலாம் என்ற நம்பிக்கையும் உண்டு. இந்த எளிமையைப் புகழ்பவர்கள் அதற்கு அடித்தளமாக இருந்த ஒன்றைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பயிரையும் வீட்டு முற்றத்தையும் கெடுக்காத வரை பிறர் நிலத்தில் எவரும் நடக்கலாம் என்பது சுவீடனில் பழைய வழக்குரிமை. கிலாண்டரின் ஓட்டக்காரர்கள் யாருடைய வேலியோரமும் தயங்கி நிற்க வேண்டியிருக்கவில்லை. இந்த உரிமை இல்லாத நாடுகளில் ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் நில உரிமையாளரின் சம்மதத்தைத் தேடிப் போக வேண்டும். ஆகவே 'செலவில்லாத விளையாட்டு' என்ற பெயரை அந்த மண்ணின் வழக்கத்துக்கும் பங்கிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

குறை வரைபடத்தில் இருந்தது. தொடக்கத்தில் இவர்கள் நம்பியிருந்தது ராணுவத் தலைமையகம் வெளியிட்ட 1:100 000 வரைபடத்தை. அதில் ஒரு மில்லிமீட்டர், தரையில் நூறு மீட்டர். மேடு பள்ளங்களைச் சமவுயரக் கோடுகளால் காட்டாமல் சரிவுக் கீற்றுகளால் தீட்டியிருப்பார்கள். படை நகர்த்துபவருக்கு அது போதும். ஆனால் ஐந்து மீட்டர் அகலப் பள்ளம் அந்தத் தாளில் ஊசிமுனைக்கும் சிறியது. ஆறாள் உயரப் பாறை நின்றாலும் வரைபடத்தில் அது இல்லாமல் போகலாம். நுட்பமான இடத்தில் புள்ளி வைத்தால் போட்டி குருட்டு அதிர்ஷ்டமாகிவிடும். ஏரிமுனை, சாலைச் சந்திப்பு, பண்ணை வீடு என்று பெரிய அடையாளங்களில் வைத்தால் கால் பலமுள்ளவன் வெல்வான். கிலாண்டர் கேட்ட மூளை வேலைக்கு அந்தத் தாளில் இடம் குறைவு. பாதி ஓட்டம், பாதி வரைபடம் என்ற வாக்குறுதியில் இரண்டாவது பாதி நெடுங்காலம் கடனாகவே நின்றது.

1930களின் தொடக்கத்தில் வந்த புதிய திசைகாட்டி இதைத் தீர்த்தது என்று சொல்வதுண்டு. கோணமானியையும் திசைகாட்டியையும் ஒரே தட்டில் இணைத்த கருவி அது. ஷெல்ஸ்ட்ரோம் சகோதரர்களின் சில்வா நிறுவனம் அதை உலகெங்கும் பரப்பியது. தட்டை வரைபடத்தின் மேல் வைத்துத் திருப்பினால் போக வேண்டிய திசை சில நொடிகளில் கிடைத்துவிடும். இளையோரும் புதியவர்களும் துணிந்து காட்டுக்குள் இறங்க இது உதவியது, மறுக்க முடியாது. என்றாலும் எந்தப் பக்கம் என்று சொல்லும் கருவிக்கு எதிரே என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. கரடுமுரடான வரைபடத்தோடு துல்லியமான திசை சேர்ந்தபோது, படிப்பதைவிட நேர்கோட்டில் பாய்வதற்கே அது ஊக்கம் தந்தது என்பது என் கணிப்பு.

பட்டாளத்து வாசனையும் எளிதில் போகவில்லை. பெண்களுக்கான முதல் போட்டி 1925இல் யோத்தபொரியில்தான் நடந்தது. கிலாண்டரின் பெரிய போட்டிக்கு ஆறு ஆண்டுகள் கழித்து. வரைபடம் படிக்கப் புஜபலம் தேவையில்லை என்பது தெரிந்திருந்தும் இந்தத் தாமதம். 1938இல் தேசியச் சங்கம் தனியாக அமைந்தது. போர்க்காலத்தில் பள்ளிப் பாடத்துக்குள்ளும் ஓரியன்டியரிங் நுழைந்தது. அதனால் ஒரு தலைமுறையே வரைபடம் பிடிக்கக் கற்றது பெரிய லாபம்.

கடனை அடைக்க வந்தது இந்த விளையாட்டுக்கென்றே வரைந்த பெரிய அளவு வரைபடம். 1940களின் இறுதியில் அதற்கு வழி காட்டியதும் நார்வேதான். பாறை, பள்ளம், சதுப்பு, காட்டின் அடர்த்தி என எல்லாம் தாளில் ஏறியபோதுதான் சிறிய அடையாளங்களில் நியாயமாகப் புள்ளி வைக்க முடிந்தது. 1961இல் பத்து நாடுகள் கோபன்ஹேகனில் கூடிச் சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கின. எந்த நாட்டவரும் படிக்கத்தக்க பொதுக் குறியீட்டு நெறி 1969இல்தான் அச்சானது. ஆனால் இதற்கும் விலை உண்டு. ராணுவ வரைபடம் ஏற்கெனவே அச்சாகி இருந்தது, வாங்கிக்கொண்டு ஓடினால் போதும். புதிய வரைபடத்துக்கோ ஒவ்வொரு காட்டையும் அடி அடியாக நடந்து அளந்து வரையப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். புதிதாகத் தொடங்கும் ஒரு நாடு இன்று முதலில் தேட வேண்டியது ஓடுபவர்களை அல்ல, அந்த வரைவாளர்களை.