‘கிவ்’ என்னும் சொல்லும் நம் ‘தா’வும்

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் குடும்பத்தைப் பற்றிய கட்டுரையில், “அம்மா தம்பிக்குப் பிறப்புக் கொடுத்தார்” என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடிக்குமுன் சற்றே தயங்கினேன். ஆங்கிலத்தில் ‘கிவ்’, மலாயில் ‘பெரி’, தமிழில் ‘கொடு’ என்று ஒரே வரியில் நிறுத்திய சொற்பட்டியலை அவன் கையில் வைத்தவர்கள் நாம். அதை அவன் நம்பினான், நம்பியது குற்றமாகாது.

இதில் பேரகராதிகளின் மேல் பழியில்லை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, ஒரு சொல்லின் பொருள்களை எண்ணிட்டுப் பிரித்துக் காட்டும். வகுப்பறைக்கு வரும் சிறு பட்டியல்களே முதற்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிடுகின்றன.

‘கிவ்’ என்பது ஆங்கிலத்தில் மிக எளிய சொல். ஆயினும் அது போகுமிடமெல்லாம் ‘கொடு’ உடன் போவதில்லை. சொற்பொழிவை ஆங்கிலேயர் கொடுப்பர்; நாம் ஆற்றுவோம். சாலையில் அவர்கள் வழியைக் கொடுப்பர். நாம் வழி விடுவோம். அவர்கள் பிறப்பைக் கொடுக்க, நம் தாயோ பிள்ளையைப் பெறுகிறாள். ஒரே நிகழ்ச்சியை ஒரு மொழி கொடையாகக் காண, மற்றொன்று பேறாகக் காண்கிறது. மறுதலையாக, ‘கை கொடுத்தான்’, ‘பெண் கொடுத்தார்கள்’ என்னும் நம் வழக்குகள் முழுவதையும் ‘கிவ்’ தாங்காது.

அண்டை மொழிகளையும் நோக்குவோம். நம் ஜொகூர்ச் சாலைகளில் ‘பெரி லாலுவான்’ என்னும் பலகை நிற்கிறது. இங்கே மலாய் ஆங்கிலத்தோடு ஒத்து வழியைக் கொடுக்கிறது. பிள்ளைப்பேற்றிலோ ‘பெர்சாலின்’ என்று தன் வழியே செல்கிறது. அரசர் வழங்குவதைக் ‘குர்னியா’ என்றும், அவர்க்குப் பணிந்து அளிப்பதைப் ‘பெர்செம்பாஹான்’ என்றும் மலாய் வேறுபடுத்தும். மலாய்க்கு உறவுடைய பிலிப்பைன்சு நாட்டுத் தகலோகு மொழியில் ‘பிகாய்’ என்பதே கொடைக்குரிய அடிச்சொல். பெறுகின்ற ஆளை முன்னிறுத்தினால் ‘பிக்யான்’ என்றும், கொடுக்கும் பொருளை முன்னிறுத்தினால் ‘இபிகாய்’ என்றும் வினை வடிவம் மாறும். பிள்ளைப்பேற்றுக்கு அச்சொல் வாராது. பிள்ளையைக் குறிக்கும் ‘அனாக்’ என்பதன் அடியாகவே அங்கு வினை பிறக்கும். அந்த ‘அனாக்’ மலாய்க்கும் பொதுச்சொல்லாம்.

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இருமுறை இதனைப் பேசுகிறார். கிளவியாக்கத்தில், தன்மைக்கும் முன்னிலைக்கும் ‘தா’ உரியது, படர்க்கைக்குக் ‘கொடு’ உரியது என்கிறார். அதன்படி ‘எனக்குத் தா’, ‘அவனுக்குக் கொடு’ என்பதே முறை. எச்சவியலில், தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் ‘ஈ’ என்றும், ஒத்தவன் ஒத்தவனிடம் ‘தா’ என்றும், உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் ‘கொடு’ என்றும் கேட்பர் என வகுக்கிறார். நன்னூலாரும் இம்மூன்றையும் வழிமொழிந்துள்ளார். முதல் வேறுபாடு ஏட்டோடு நின்றுவிடவில்லை. மலையாளம் பேசும் அண்டை வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள். தனக்கு வேண்டுமிடத்தும் பிறர்க்கு அளிக்குமிடத்தும் ஒரே சொல்லை அவர்கள் வழங்குவதில்லை.

நம் பிள்ளைகளோ, “ஐயா, எனக்கு ஒரு தாள் கொடுங்கள்” என்கிறார்கள். பழைய இலக்கணப்படி, தலைமையாசிரியரையே தாழ்ந்தோராக்கிவிட்டார்கள்!

“வழக்கு மாறும், உயர்வு தாழ்வு கூறும் விதி இன்று எதற்கு?” என அன்பர் சிலர் கேட்கலாம். கேள்வி நேரியதே. மேலும் கீழுமாய் மனிதரை நிறுத்திய தோட்டத்து வாழ்வை அறிந்தவன் நான். ‘ஈ’ என்று இரக்கும் நிலை நம் பிள்ளைகட்கு வேண்டா. ‘ஈகை’ என்னும் பெயரில் அச்சொல் நின்றால் போதும். ஆனால் மூன்றனுள் இன்று தேய்ந்துவருவது ‘தா’ அன்றோ? அதுவே ஒத்தவர் ஒத்தவரைக் கேட்கும் சொல். ஏற்றத்தாழ்வு வேண்டா என்போர் முதலில் காக்கவேண்டியதும் அதுவே.

ஆசிரிய நண்பர்கட்கு ஒரு வேண்டுகோள். சொல்லுக்குச் சொல் நிறுத்தும் பட்டியலை ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். கரும்பலகையில் ‘கிவ்’ வரும் ஆங்கிலத் தொடர்கள் பத்தை எழுதி, ஒவ்வொன்றையும் வீட்டில் பாட்டி எவ்வாறு சொல்வார் என்று மாணவரைக் கேட்டு வரச்செய்யுங்கள். ஆற்றுதல், விடுதல், பெறுதல், தருதல் எனத் தனித்தனி வினைகள் வந்து சேரும். என் மாணவனும் அவ்வாறே வீட்டில் கேட்டு வந்தான். அவன் ஏட்டில் இப்போது, “அம்மா தம்பியைப் பெற்றார்” என்றிருக்கிறது. சிவப்பு மைக்கு அங்கே வேலையில்லை.