மின்சாரக் கார்க் கடையின் பின்கட்டு

கோயமுத்தூரில் புதிதாகத் திறந்த மின்சாரக் கார் ஷோரூம் ஒன்றில் கால் வைத்த மாத்திரத்தில் மூக்குக்கு ஏதோ குறைவதாகத் தோன்றிற்று. பெட்ரோல் வாடையும் கிரீஸ் வாடையுமே அங்கு இல்லையென்பது சற்று நேரம் கழித்துத்தான் விளங்கிற்று. 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டிச் சென்ற ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊர் இது; அவர் பெயர் விளங்கும் கார் அருங்காட்சியகம் ஒன்று அவினாசி சாலையில் இன்றும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் வாடையில்லாத கார்க் கடையா என்று வியந்துகொண்டே நான் போய் நின்றதற்குக் காரணம், அன்று முதல் சாவியைப் பெற்றுக்கொள்ளவிருந்தவன் என் தமக்கை மகன் என்பதுதான். வாழை மரமும் நாதஸ்வரமும் குறைவின்றி இருந்தன. எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறி இறங்கிய பிறகும், “வண்டியை ஸ்டார்ட் பண்ணலாமே” என்று புரோகிதர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடையின் பெயரையும் காரின் பெயரையும் நான் விட்டுவிடுகிறேன். பின்னால் சொல்லப்போகும் குறை அந்த ஒரு கடைக்கு மாத்திரம் உரியதென்று வாசகர் எண்ணிவிடலாகாது.

2001-இல் பெங்களூரிலிருந்து ரேவா என்னும் சிறு கார் ஈய-அமில பாட்டரியோடு புறப்பட்டு, ஒரு முறை சார்ஜ் செய்தால் 80 கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லப்பட்ட காலத்தில், அதை விளையாட்டுச் சாமானென்று சிரித்தவர்களுள் நானும் ஒருவன். 2020 ஜனவரியில் வந்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் காரில் 30.2 யூனிட் கொள்ளும் பாட்டரி இருந்தது. மருமகன் வாங்கிய வண்டியிலோ 45 யூனிட். கிலோவாட் மணி என்று புத்தகங்கள் எழுதுவதை, வீட்டு மின் கணக்கில் நாம் வழங்கும் பெயராலேயே சொல்லுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நால்வராகக் குன்னூருக்குப் பிரயாணமானோம். சமவெளியில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: காலை அழுத்திய கணமே, கியர் மாற்றும் இடைவெளியோ இரைச்சலோ இன்றி, பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல் பாய்கிறது, லாரியை முந்துவதற்கு முன் மனத்துக்குள் போட்டுக்கொள்ளும் கணக்கு தேவையற்றதாகிவிடுகிறது. மலைதான் பரீட்சை. மேட்டுப்பாளையத்தை விட்டபோது 80 சதவீதமாக இருந்த சார்ஜ், கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து குன்னூர் சேர்ந்தபோது 55-ஆகக் குறைந்திருந்தது. முப்பத்து மூன்று கிலோமீட்டருக்கு இவ்வளவா என்று மருமகன் முகம் வாடினான். ஏறத்தாழ 1,750 கிலோ எடையை 1,500 மீட்டர் உயரம் தூக்குவதற்கு மட்டுமே 7 யூனிட் வேண்டுமென்னும் பள்ளிக்கூடப் பௌதிகத்தைச் சொல்லி அவனைத் தேற்றினேன்.

இறங்கும்போதுதான் இந்த இயந்திரத்தின் மேன்மை புலப்பட்டது. காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு, அதை மின்சாரமாக்கிப் பாட்டரிக்குள் திருப்பி அனுப்புகிறது. பிரேக் கருகும் நாற்றம் வீசும் அந்த வளைவுகளில் நான் பிரேக்கைத் தொட்டது அபூர்வம். அடிவாரம் சேர்ந்தபோது அளவு 61. “மாமா, மலை நமக்குக் கடனைத் திருப்பித் தந்துவிட்டது” என்றான் மருமகன்; கால் பங்குதான் தந்தது என்பதை நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: மலையுச்சியில் பாட்டரியை நிரம்ப ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்குபவனுக்கு இந்தச் சகாயம் கிட்டாது, நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஏது? அப்போது பழைய பிரேக்கே கதி.

பின் ஆசனத்தில் நெடியவர்களுக்கு முழங்கால் சற்று உயர்ந்து நிற்கிறது. பாட்டரி முழுவதும் தரைக்கடியில் படுத்திருப்பதன் பலன் அது. வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் வெறுமையிலிருந்து நிரப்ப ஓர் இரவு போதாது, 7.2 கிலோவாட் சுவர்ப்பெட்டி வைத்துக்கொண்டால் ஆறரை மணி நேரத்தில் முடிகிறது.

இனிக் கடையின் பின்கட்டுக்கு வருவோம். மாதமொன்று கழிந்தபின் முதல் சர்வீஸுக்காகப் போனபோது, கண்ணாடியும் சலவைக்கல்லுமாகப் பளபளத்த முன்கட்டைத் தாண்டி அங்கே சென்றேன். எஞ்சின் ஆயில் இல்லை, பில்டர் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. டயரையும் பிரேக்கையும் கூலன்ட் அளவையும் பார்த்துவிட்டால் வேலை ஏறக்குறைய முடிந்தது. ஆயினும் வண்டியின் வயிற்றில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் உறங்குகிறது. ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடுமுன் இணைப்பைத் துண்டித்துச் சில நிமிஷம் காத்திருக்க வேண்டும். ரப்பர்க் கையுறை அணிய வேண்டும். பக்கத்தில் ஒருவர், விபத்து நேர்ந்தால் இழுத்துப் போடுவதற்கான கொக்கியோடு நிற்க வேண்டும். கையுறையும் கொக்கியும் சுவரில் ஒழுங்காகத் தொங்கின. ஆள்?

“நான் ஒருத்தன்தாங்க சார். இன்னொருத்தர் பயிற்சிக்குப் போயிருக்காருங்க, வந்தாத்தான் பாட்டரி வேலையெல்லாம் எடுக்க முடியும்” என்றார் அங்கிருந்த இளைஞர். கூடத்தில் காரை விற்பதற்கு ஒன்பது பேரை நான் எண்ணியிருந்தேன். நாயுடு காலத்து டிரைவர் நடுவழியில் பஸ்ஸைப் பிரித்துக் கோத்தார். இன்றைய பெட்ரோல் காருக்கும் தெருக்கோடிப் பட்டறை உண்டு. இந்த வண்டிக்கு அந்த இளைஞரைத் தவிர ஊரில் வேறு நாதியில்லை என்றிருக்கையில், அவருக்குத் துணையாளைத் தேடாமல் கூடத்துக்குச் சலவைக்கல் தேடிய புத்தியை என்னால் மெச்ச முடியவில்லை.

காரைப் பற்றி என் அபிப்பிராயம் இது: சொந்த வாசலில் நிறுத்துமிடமும், அங்கே ஒரு மின் இணைப்பும் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். அடுக்குமாடியில் பிறர் தயவில் சார்ஜ் செய்ய வேண்டியவர் இன்னும் சிறிது காலம் பொறுப்பது நலம். இருவருமே முன்பணம் கட்டுமுன், பின்கட்டுக்குப் போய், உயர் மின்னழுத்தத்தில் கைவைக்கத் தகுதி பெற்றவர் எத்தனை பேர் என்று கேட்டுவிடுங்கள். இரண்டுக்குக் குறைவான விடை வந்தால் ரசீது போட அவசரப்படாதீர்கள்.