மூலம் விட்டுவைத்த இடம்

விழுப்புரம், கோலியனூர், திண்டிவனம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் போரின் முடிவைக் காட்டும் படுகளமும் தீமிதியும். அந்தக் கூத்துகளில் ‘கர்ண மோட்சம்’ விடிய விடிய நடக்கும். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன், மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். பிறப்பைச் சொல்லி அதுவரை அவனை இழிவாக நடத்தியவள் அவள். வியாச பாரதத்தில் பொன்னுருவி இல்லை. கர்ணன் சபையில் பட்ட அவமானத்தை மூலம் சொன்னது. அது வீட்டுக்குள்ளும் நுழைந்தால் என்ன ஆகும் என்று கேட்டது நம் கூத்து. துரியோதனன் மனைவி பெருந்திருவாளும், திரௌபதிக்குக் காவலாக நிற்கும் முத்தால் ராவுத்தரும் இப்படி வந்து சேர்ந்தவர்கள்தான். கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கையர் அர்ஜுனன் மகன் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுவதற்கும் வியாசரிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் தனக்கு இடமில்லாத கதையில் ஒரு சமூகம் தனக்கான இடத்தை அங்கே கண்டுகொண்டது.

ஜப்பானிய அசைபடமான அனிமே, வீடியோ கேம் ஆகியவற்றின் ரசிகர்கள் மூலக் கதையை மாற்றி இணையத்தில் எழுதும் ஃபேன் ஃபிக்‌ஷனை இந்த மரபின் பக்கத்தில் வைத்தே நான் படிக்கிறேன். ‘நருட்டோ’ அனிமே தொடரில் இட்டாச்சி, தம்பி ஒருவனைத் தவிரத் தன் உச்சிஹா குலத்தையே ஒரே இரவில் அழிக்கிறான். ஊர் மூத்தோர் இட்ட கட்டளை அது என்பது வெகு காலம் கழித்துத்தான் நமக்குத் தெரிகிறது. அந்த இரவு வராமலே போயிருந்தால்? இந்தக் கேள்வியிலிருந்து எழுந்த ரசிகர் கதைகள் ஏராளம். நல்ல கதைகளில் குலம் பிழைத்தாலும், ஊருக்கும் குலத்துக்கும் இருந்த பகை பிழைத்தே இருக்கிறது. தம்பி சாசுகே அதற்குள்தான் வளர வேண்டியிருக்கிறது. மூலத்தின் அரசியலை மூலத்தைவிடக் கூர்மையாக விசாரிக்கும் எழுத்து இது. மோசமான கதைகளில் எல்லோரும் பிழைத்து, எல்லோரும் சமாதானமாகி, பிடித்த ஜோடி சேர்ந்துவிடுகிறது. பகை எங்கே போனது என்று எழுதியவரே கேட்பதில்லை.

இதற்கெல்லாம் பெரிய ஏற்பாடும் இருக்கிறது. 1998-இல் ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் தளம் வந்தது. 2009-இல் தொடங்கிய ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளம் விளம்பரமே இல்லாமல் நன்கொடையிலும் தன்னார்வலர் உழைப்பிலும் நடக்கிறது. 2019-இல் ஹ்யூகோ விருதும் பெற்றது. ஜப்பானில் 1975 முதல் நடக்கும் காமிக்கெட் சந்தையில் ரசிகர்கள் தாங்களே அச்சிட்ட மாங்கா எனும் சித்திரக்கதைகள் விற்பனையாகின்றன. கிளாம்ப் என்ற புகழ்பெற்ற மாங்கா குழு அப்படிப்பட்ட ரசிகர் குழுவாகத்தான் தொடங்கியது. எழுதப் பழக இதைவிடத் தாராளமான களம் வேறில்லை.

குறை எங்கே? கூத்துக்கு முன்னால் உட்காரும் ஊர் கலவையானது. கிழவி, குழந்தை, பாரதம் கரைத்துக் குடித்த பெரியவர், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர், எல்லோரையும் பொன்னுருவி நம்ப வைத்தாக வேண்டும். இணையத்திலோ எந்த ஜோடி, எந்த முடிவு என்று குறிச்சொல் போட்டுத்தான் கதையே வருகிறது. அதை ஏற்கெனவே விரும்புகிறவர் மட்டுமே திறக்கிறார். மனவேதனை தரும் காட்சியை விரும்பாதவர் தள்ளிப்போக அது உதவுகிறது, சரிதான். ஆனால் எதிர்ப்பையே சந்திக்காத எழுத்து வளர்வதில்லை. பாத்திரத்தை அறிமுகப்படுத்தும் வேலையும் மிச்சம். இட்டாச்சி என்று பெயர் போட்டாலே வாசகர் உருகிவிடுகிறார். அத்தியாயத்துக்கு அத்தியாயம் பாராட்டு கிடைப்பதால் கதையை முடிக்கும் அவசரமும் இல்லை. பாதியில் நின்றவை கணக்கில்லாமல் கிடக்கின்றன.

இதைவிடப் பெரிய குறை, எந்த ஜோடி சரி என்று நடக்கும் சண்டை. மாற்றி எழுதியவரைக் கூட்டமாகச் சேர்ந்து வசைபாடி, எழுத்தையே விட்டு ஓட வைக்கிறார்கள். ஒரே கதையை நேசிப்பவர்கள் ஒருவரையொருவர் மதிப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. விழுப்புரம் அருகே மேல்பாதியில் பட்டியல் சமூகத்தினரை உள்ளே விட மறுத்ததால் 2023 ஜூனில் சீல் வைக்கப்பட்டதும் திரௌபதி அம்மன் கோயில்தான். கதை பொதுவாக இருந்தது. வாசல் பொதுவாக இல்லை. கோயில் வாசலில் மறுக்கப்பட்டது உரிமை. அதன் கொடுமை வேறு. ஆனாலும் ‘இது எங்களுடையது, நீ யார்’ என்ற குரல் எங்கே கேட்டாலும் அதை எதிர்க்கத்தான் வேண்டும்.

தமிழுக்கு இதில் தனி நஷ்டம் ஒன்று உண்டு. மூலத்தைத் தொடர்ந்து எழுதுவது நமக்குப் புதிதல்ல. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்த இடத்திலிருந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். வாசகர்கள் அதைத் தனி நாவலாகவே ஏற்றார்கள். 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ அனிமே படம் தமிழ் பேசியே நம் தியேட்டர்களுக்கு வந்தது. இருந்தும், நான் படித்த வரையில், நம் அனிமே ரசிகர்களின் கதைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழில் எழுதப்படும் ரசிகர் கதைகளில் டிவி சீரியல் ஜோடிகளே அதிகம்.

ஆகவே, எழுதும் தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அனிமே கதையைத் தமிழில் எழுதுங்கள், முடித்து எழுதுங்கள். பிறகு அந்தத் தொடரை ஒருநாளும் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.