அவையும் அவையல் கிளவியும்: அமர் சிங் சம்கீலாவின் எழுச்சியை மொழிபெயர்த்தல்

0. முன்னுரை

வறிய குடும்பத்தில் பிறந்து புகழின் உச்சியை எட்டிய பாடகர்களின் வரலாறுகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைகின்றன. ‘எளிய பின்னணி’, ‘விடாமுயற்சி’, ‘திருப்புமுனை’, ‘நட்சத்திரத் தகுதி’ என்னும் நான்கு தொடர்களைக் கொண்டு எம்மொழிப் பாடகரின் வரலாற்றையும் எழுதிவிட இயலும். இவ்வாய்பாடு எளிதில் மொழிபெயர்க்கத்தக்கது. குறிப்பிட்ட எந்த ஊரையும் எந்த வழக்கையும் அது சாராதிருப்பதே அதற்குக் காரணம். ஆனால் மக்கள் பாடகர் ஒருவரின் எழுச்சி என்பது, ஒரு மொழிவழக்கு ஓர் அவையிலிருந்து வேறோர் அவைக்குப் பெயர்ந்து செல்வதுமாகும். அப்பெயர்ச்சியைச் சொல்லாத வரலாறு பணமும் புகழும் பெருகியதைச் சொல்லுமேயன்றிப் பாடகரைச் சொல்லாது.

பஞ்சாபிப் பாடகர் அமர் சிங் சம்கீலாவின் (1960–1988) வாழ்க்கை, இம்தியாஸ் அலி இயக்கத்தில் 2024 ஏப்ரலில் வெளிவந்த ‘அமர் சிங் சம்கீலா’ என்னும் இந்தித் திரைப்படத்தால் பஞ்சாபுக்கு வெளியேயும் பரவலாக அறியப்பட்டது. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த இப்படத்திற்கு இர்ஷாத் காமில் பாடல்கள் எழுதியுள்ளார். தில்ஜித் தோசாஞ்சும் பரினீதி சோப்ராவும் நடித்ததோடு, சம்கீலாவின் பஞ்சாபிப் பாடல்களைத் தாமே பாடியும் உள்ளனர். இக்கட்டுரை இப்படத்தின் கலைத்திறத்தை மதிப்பிடுவதன்று. சம்கீலாவைப் பிறமொழியாளர்க்கு எடுத்துரைக்கும்போது எவை பெயர்கின்றன, எவை பெயராமல் நின்றுவிடுகின்றன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. ‘எளிய பின்னணி’ என்னும் தொடர்

சம்கீலா 1960 ஜூலை 21 அன்று லூதியானாவை அடுத்த துக்ரியில் தலித் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இயற்பெயர் தனி ராம். மின்பணியாளராக வேண்டும் என்பது இளமை விருப்பம். ஆயின் கிடைத்தது லூதியானாவின் துணியாலை வேலையே. ஆர்மோனியமும் தோலக்கியும் பழகி, அந்நாளில் பெயர்பெற்றிருந்த பாடகர் சுரிந்தர் சிந்தாவை அடைந்து, அவருக்குப் பாடல்கள் எழுதிக்கொடுத்தார். பின்னர்த் தூம்பி என்னும் ஒற்றை நரம்புக் கருவியுடன் தாமே மேடையேறினார். முதலில் சுரிந்தர் சோனியாவுடனும், பின்னர் அமர்ஜோத்துடனும் அவர் பாடிய இருகுரற் பாடல்கள் பஞ்சாபின் சிற்றூர்களிலும், கனடா முதலிய நாடுகளில் வாழ்ந்த பஞ்சாபியரிடத்தும் பெருவழக்குப் பெற்றன. 1988 மார்ச் 8 அன்று, ஜலந்தர் மாவட்டத்து மேசம்பூரில் நிகழ்ச்சிக்காக வந்திறங்கியபோது, அவரும் மனைவி அமர்ஜோத்தும் குழுவினர் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்போது அவருக்கு வயது 27. அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

இவ்வரலாற்றை ‘எளிய பின்னணியிலிருந்து எழுந்தவர்’ என்று சுருக்குவது பொருண்மையியல் நோக்கில் பிழையன்று. எனினும், ‘எளிய’ என்னும் பெயரடை வறுமையைச் சுட்டுகிறது, சாதியைச் சுட்டுவதில்லை. வறுமை பொருளீட்டினால் நீங்குவது. சாதி அவ்வாறு நீங்குவதன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்களுள் 31.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநிலங்களுள் இதுவே மிகுந்த விகிதம். நிலவுடைமையோ பெரிதும் ஜாட் சமூகத்தாரிடம் இருந்துவருவது. இப்பின்னணியில் தலித் இளைஞர் ஒருவர் ஊர்ப் பொதுவெளியில் ஒலிபெருக்கி முன் நின்று, எல்லாக் குடும்பங்களின் உள்வீட்டுப் பேச்சையும் பாடினார் என்பது ‘எளிய’ என்னும் சொல்லுக்குள் அடங்குவதன்று. திரைப்படம் சாதியை மறைக்கவில்லை. உரையாடலில் அது வெளிப்படையாகவே இடம்பெறுகிறது. படத்தைப் பற்றி எழுந்த சுருக்கங்களும் விளம்பரத் தொடர்களுமே மீண்டும் பழைய வாய்பாட்டுக்குத் திரும்பின. மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் முதலில் எதிர்கொள்வது இச்சுருக்கங்களையே என்பது கருதத்தக்கது.

2. பெயராக்கம்

‘சம்கீலா’ என்பது ‘சமக்’ (ஒளிர்வு) என்னும் அடியுடன் ‘-ஈலா’ என்னும் ஒட்டுச் சேர்ந்தமைந்த பெயரடை. ‘ரங்கீலா’, ‘சர்மீலா’, ‘சஹ்ரீலா’ ஆகியனவும் இவ்வகையின. ‘மின்னுபவன்’, ‘பளபளப்பானவன்’ என்று பொருள் கூறலாம். ‘நட்சத்திரம்’ என்னும் இன்றைய உருவகமும் ஒளியையே சுட்டுவது. எனினும் இரண்டும் ஒன்றல்ல. நட்சத்திரம் தொலைவில் இருந்து ஒளிர்வது. ‘சம்கீலா’ சந்தையில் விற்கும் கண்ணாடி வளையலுக்கும் சரிகைத் துணிக்கும் பொருந்தும் அண்மைச் சொல். அப்பெயரில் தொலைவு இல்லை. ‘தனி ராம்’ என்பது ‘அமர் சிங்’ ஆனதும், அதன்மேல் இவ்வடை ஏறியதும், ஒருவர் தம் அவைக்குரிய பெயரைத் தாமே ஆக்கிக்கொண்ட மொழிச்செயலாகும். இதனை வெறும் புனைபெயர் என்று கடந்துசெல்வது போதாது.

ஒலிநிலையில் இன்னொரு செய்தி உண்டு. பஞ்சாபி தொனிமொழி. சொல்முதலில் முன்பு நின்ற ஒலிப்புடை மூச்சொலிகள் அம்மொழியில் ஒலிப்பிலா வெடிப்பொலிகளாக மாறி, தாழ்தொனியை ஏற்றுள்ளன. எனவே ‘தனி’ என்னும் பெயரின் முதலொலி இந்தியில் போலப் பஞ்சாபியில் ஒலிப்பதில்லை. தமிழ் எழுத்தில் அவ்வொலிப்பிலாமை தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. தொனி மட்டும் விடுபடுகிறது. பஞ்சாபிப் பெயரை இந்தி வழியே பெறுவதால் நேரும் திரிபுக்கு இஃது ஒரு சிறு சான்று. பெருஞ்சான்று உறவுமுறைச் சொற்களில் உள்ளது.

3. உறவுமுறைச் சொற்கள்

சம்கீலாவின் பாடல்கள் பலவற்றின் மாந்தர் உறவுமுறை இணைகளே: ஜீஜா–சாலி (அக்காள் கணவன்–மனைவியின் தங்கை), தியோர்–பாபி (கணவனின் தம்பி–அண்ணன் மனைவி). இவ்விரண்டும் வட இந்தியச் சமூகத்தில் கேலிக்கு இசைவு பெற்ற உறவுகள். ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் ‘கேலியுறவு’ என்று வகுத்துக்காட்டியது இத்தகையதே. இதற்கு மறுதலையாக, ஜேட் எனப்படும் கணவனின் தமையன் முன்னர்ப் பெண் முக்காடிட்டு ஒதுங்குதல் மரபு.

இந்திக்கும் பஞ்சாபிக்கும் இச்சொற்கள் பெரும்பாலும் இனமொழிச் சொற்களாதலின் இந்திப் பார்வையாளர்க்கு இடர்ப்பாடு இல்லை. ஆங்கிலத் துணையுரை வழியே செல்வோர்க்கோ ‘சாலி’, ‘பாபி’ இரண்டும் ‘சிஸ்டர்-இன்-லா’ என்னும் ஒரே சொல்லாகக் குறுகிவிடுகின்றன. யார் யாரைக் கேலி செய்யலாம் என்பதே பாடலின் உயிராக இருக்கையில், அவ்வேறுபாடு அழிந்தபின் எஞ்சுவது பொதுவானதொரு முறைகேடு மட்டுமே.

தமிழில் இவற்றைச் சொல்லுக்குச் சொல் தனித்தனியே பெயர்க்க இயலும். அத்தான், மச்சான், கொழுந்தி, மைத்துனி, கொழுந்தன், அண்ணி, மதினி, மூத்தார் எனச் சொல்வளம் உண்டு. ஆயின் திராவிட உறவுமுறை அமைப்பு வேறு. ‘அத்தான்’ அக்காள் கணவனையும் முறைமாமன் மகனையும் ஒருங்கே குறிக்கும். எனவே ஜீஜா–சாலி இணை தமிழில் ‘அத்தான்–கொழுந்தி’ ஆகும்போது, மணமுறை உடையாரின் இயல்பான விளையாட்டாக மென்மையடைகிறது. தியோர்–பாபி இணையோ எதிர்த்திசையில் செல்கிறது. கணவனை இழந்தவளைக் கொழுந்தன் மணக்கும் ‘கரேவா’ வழக்கம் பஞ்சாபில் இருந்துவந்தது. தமிழ்ச் சமூகங்கள் பலவற்றில் அண்ணி தாய்க்கு நிகராகக் கருதப்படுகிறாள். ஆதலின் மூலத்தில் கேலியாக நின்றது இங்கே பழிச்செயலாகக் கனக்கிறது. ஒரே பாடகரின் இருவகைப் பாடல்கள், சரியான சொற்களாலேயே பெயர்க்கப்பட்டும், ஒன்று மூலத்தினும் மெலிந்தும் மற்றொன்று மூலத்தினும் கடுத்தும் ஒலிக்கும். அகராதி நிகரன் உண்டு என்பதனால் சமூக நிகரன் உண்டு என்று கொள்ளலாகாது.

4. அவை மாற்றம்

சம்கீலாவின்மேல் சாட்டப்பட்ட முதன்மைக் குற்றம் ஆபாசம். இச்சொல்லை ஆராய்தற்குத் தமிழ் இலக்கண மரபிலேயே தக்க கருவி உண்டு. தொல்காப்பியர் எச்சவியலில் ‘அவையல் கிளவி’ என்று ஒன்றைக் குறிக்கிறார். நன்னூலார் இதனை ‘இடக்கரடக்கல்’ என்பார். தொல்காப்பியரின் கலைச்சொல் சொல்லின் இயல்பைச் சுட்டாமல் அவையைச் சுட்டுவது நோக்கத்தக்கது. ஒரு கிளவி தன்னளவில் இழிந்ததன்று. குறித்ததோர் அவைக்கு உரியதன்று என்பதே அதன் பொருள். வழக்கில் மருவி நிலைபெற்றதை விலக்கவேண்டுவதில்லை என்றும் அவர் அடுத்துக் கூறுகிறார்.

பஞ்சாபின் திருமண வீடுகளில் பெண்வீட்டு மகளிர் மாப்பிள்ளை வீட்டாரைப் பழித்துப் பாடும் ‘சிட்டணி’ப் பாடல்கள் உண்டு. மகளிர் கூடியாடும் ‘கித்தா’விலும் உடல்சார்ந்த கேலி இயல்பாக வரும். நம் நலங்கில் பாடப்பெறும் சம்பந்தி ஏசல் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. இவற்றுக்கு அவை உண்டு: முற்றம், திருமணநாள், பெண்கள் கூட்டம். அவ்வெல்லைக்குள் இவை அவையல் கிளவிகள் ஆகா.

1980-களில் நிகழ்ந்தது அவ்வெல்லையின் தகர்வு. எச்.எம்.வி. போன்ற பெருநிறுவனத்தின் தனியாட்சியை மலிவான ஒலிநாடாக்கள் உடைத்து, வட்டார வழக்குகளுக்குச் சந்தை திறந்துவிட்டமையைப் பீட்டர் மானுவல் 1993-இல் வெளிவந்த தம் ‘கேசட் கல்ச்சர்’ நூலில் விரித்துரைத்துள்ளார். முற்றத்துப் பேச்சு ஒலிநாடாவாகிப் பேருந்திலும் சரக்குந்திலும் கடைவீதியிலும் ஒலித்தது. ‘அகாடா’ எனப்படும் திறந்தவெளி நிகழ்ச்சிகளில் தந்தையும் மகளும் ஒரே நேரத்தில் கேட்க நேர்ந்தது. அவை கலந்தது, எனவே கிளவி அவையல் கிளவியாயிற்று. இம்மாற்றமே சம்கீலாவின் எழுச்சி. இதுவே அவர்மீதெழுந்த சினமும். இரண்டையும் வேறு வேறு இயல்களாக எழுதும் வாழ்க்கை வரலாறு, உயர்வு ஒரு கதையாகவும் வீழ்ச்சி வேறொரு கதையாகவும் இருந்ததாகத் தோற்றமளிக்கிறது.

5. திரைப்படத்தின் விடை

படம் கொலையில் தொடங்கி, அவரை அறிந்தோர் கூற்றுகளாகப் பின்னோக்கி விரிகிறது. பஞ்சாபிப் பாடல்களை மொழிமாற்றாமல் மூலமொழியிலேயே பாடச்செய்து, பொருளைத் திரையில் எழுத்தாகத் தருகிறது. இது மதிக்கத்தக்க மொழிபெயர்ப்புக் கொள்கை. ஒலி மூலத்தாருடையதாகவே நிற்க, பொருள் மட்டும் அயலார்க்கு நீட்டப்படுகிறது.

ஆபாசக் குற்றச்சாட்டுக்குப் படம் தரும் விடைகள் இரண்டு. மக்கள் விரும்பியதையே அவர் பாடினார் என்பது ஒன்று. ‘நரம் காளஜா’ என்னும் புதிய பாடலில் பெண்கள் தம் விழைவைத் தாமே பாடுவதாகக் காட்டுவது மற்றொன்று. முதல் விடை போதாது. கேட்டோர் மிகுதி என்பதனால் ஒரு கூற்றின் சார்பு நீங்கிவிடாது. சம்கீலாவின் இருகுரற் பாடல்களில் பெண்குரல் பேசுவது ஆண் எழுதிய சொற்களையே. சிட்டணியில் பழிப்பவள் பெண். ஒலிநாடாவில் அதே உரிமை அவளுக்கு ஆண் எழுதிக்கொடுத்ததாக மாறிவிடுகிறது. இவ்வேறுபாட்டைக் காணாமல் அவரை மக்கள்மொழியின் காவலராக மட்டும் போற்றுவதும் ஒருபாற் கோடலே.

இரண்டாம் விடை இக்குறையை உணர்ந்து எழுந்தது எனலாம். எனினும் அங்கும் விடை புதிதாக இயற்றப்பட்ட பாடலிலிருந்தே வருகிறது. பெண்கள் வழிவழியாகப் பாடிவந்த சிட்டணியே மறுமொழியாக நின்றிருப்பின், பஞ்சாபி அறியாதவர்க்கு அவைமாற்றம் என்னும் உண்மை நேரே விளங்கியிருக்கும்.

6. முடிவுரை

இவ்வாய்விலிருந்து மொழிபெயர்ப்பாளர்க்குப் பெறப்படுவன மூன்று. வாழ்க்கை வரலாற்றில் ‘எளிய’ என்று வருமிடத்து, எதனை அச்சொல் மறைக்கிறது என்று மூலச்சூழலில் தேடிப் பெயரிட்டுரைத்தல் வேண்டும். உறவுமுறை இணைகளைச் சொல்நிகரனால் மட்டும் பெயர்க்காது, கேலிக்குரியதா ஒதுங்கற்குரியதா என்னும் உறவின் தன்மையை முன்னுரையிலேனும் குறித்தல் வேண்டும். ‘ஆபாசம்’ என்று தீர்ப்பளிக்குமுன் எந்த அவையில், எவர் கேட்க என்று வினவுதல் வேண்டும்.

‘ஆபாசப் பாடகர் சுட்டுக் கொல்லப்பட்டார்’ என்னும் வாக்கியத்தை நோக்குக. இலக்கணப்படி முதற்சொல் வெறும் அடைமொழி. படிப்பவர் மனத்திலோ அது காரணமாக நிற்கிறது. சம்கீலாவைக் கொன்றவர் யார், எதற்காகக் கொன்றனர் என்பது எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை. நிறுவப்படாத காரணத்தை ஓர் அடைமொழி நிறுவிவிடுகிறது. அவ்வடைமொழியை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு எடுத்துச்செல்பவர் அதன் பொறுப்பையும் உடன் எடுத்துச்செல்கிறார்.