குட்டிப் பெருவெடிப்பு என்னும் உவமை

அறிவியல் கட்டுரைகள் எழுதத் தொடங்கிய காலத்தில் நானும் அந்த வாக்கியத்தை எழுதியிருக்கிறேன்: ‘விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் ஒரு குட்டிப் பெருவெடிப்பை உண்டாக்கிவிட்டார்கள்.’ கன அயனி மோதல்களைப் பற்றி எழுதுகிற யாரும் இதைத் தாண்டிப் போவதில்லை. படித்துவிட்டு அக்கா கேட்டாள்: “அப்போ பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணும் ஆகலையாடா?” சிரித்து மழுப்பினேன். என் வாக்கியம் அவளுக்குக் கொடுத்தது பயத்தை மட்டும்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவனில் 2000-இல் ஓடத் தொடங்கியது ரிக் என்ற மோதுகருவி. அதில் இரண்டு தங்க அணுக்கருக்கள் முழு வேகத்தில் மோதும்போது மொத்த ஆற்றல் சுமார் 39 டெரா எலக்ட்ரான் வோல்ட். பறக்கிற ஒரு கொசுவின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 1. ஆக, நாற்பது கொசு. அது ஓர் அணுக்கருவின் இடத்துக்குள் திணிக்கப்படுவதுதான் விஷயம். வெப்பம் லட்சம் கோடி டிகிரிகளில் ஏறுகிறது. புரோட்டானும் நியூட்ரானும் உருகி, குவார்க்-குளுவான் குழம்பாகின்றன.

ஆதிப் பிரபஞ்சத்திலும் இந்தக் குழம்பு இருந்தது. உவமை அதுவரை சரி. ஆனால் அங்கே அது சில மைக்ரோ நொடிகள் நீடித்தது, எங்கும் நிறைந்திருந்தது. இங்கேயோ ஒரு மைக்ரோ நொடியின் கோடி கோடியில் ஒரு பங்குகூட நீடிக்காமல் வெற்றிடத்தில் சிதறிப்போகிறது.

என் குறை வேறு. இந்த உவமை உண்மையான கதையை மறைத்துவிடுகிறது. பெரும்பாலானோர் எதிர்பார்த்தது, துகள்கள் தன்போக்கில் திரியும் ஒரு வாயுவை. 2005-இல் ரிக்கின் நான்கு ஆய்வுக் குழுக்களும் சொன்னது: இது திரவம். எதிர்பார்ப்பு பொய்த்ததை அவர்களே அறிவித்தார்கள். நாம் அதை எழுதாமல் வெடியை எழுதினோம்.

எழுதியவர்களும் அடுத்த தப்பைச் செய்தோம். ‘தண்ணீரை விட நீர்த்த திரவம்’ என்றோம். கணக்குப்படி அதன் பாகுத்தன்மை தாரை விடப் பல மடங்கு அதிகம்! அதன் என்ட்ரோபி அடர்த்தியோடு ஒப்பிட்டு விகிதம் பார்த்தால்தான் அது மற்ற திரவங்களை விடக் குறைவு. ‘கச்சிதமான திரவம்’ என்ற பெயர் அந்த விகிதத்துக்குக் கிடைத்தது. விகிதத்தை விழுங்கிவிட்டு வியப்பை மட்டும் பரிமாறினோம்.

போன மாதம் அக்காவிடம் இதையெல்லாம் திரும்பச் சொன்னேன், வெடி இல்லாமல். “திரவம்னு எப்படிடா தெரிஞ்சுது? யாரு தொட்டுப் பார்த்தா?” என்றாள். ஒரு பாதாம் பருப்பை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். கருக்கள் சற்று விலகி மோதினால், ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதி இந்த வடிவில் இருக்கும். துகள்கள் ஒன்றையொன்று மோதாமல் பறந்தால் எல்லாத் திசையிலும் சமமாக வரணும். திரவமானால் ஒடுங்கிய பக்கத்தில் அழுத்தம் சட்டென்று சரியும். அந்தப் பக்கம் அதிகம் பாயும். உணரிகளில் பதிவானது அப்படித்தான்.

பாதாமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதை முதல்லயே எழுதியிருக்கலாம்ல?” என்றாள்.

எழுதியிருக்கலாம்.